ஜனவரி ஷிப்ட்

எங்கள் பேக்கரி ஆட்களுக்கு ஷிப்ட் போட எந்த மென்பொருளை வாங்கலாம் என்று மூன்றை ஓட்டிப் பார்த்தேன். எல்லோருடைய கைக்கடிகாரத்திலிருந்தும் நாடித்துடிப்பைப் படித்து, வரும் மாதங்களுக்கெல்லாம் இப்போதே ஷிப்ட் போட்டுவிடும். கேக் அலங்கரிக்கும் ரெஜினாவுக்கு மூன்றுமே ஜூனில் பேறுகால விடுப்பு கொடுத்திருந்தன. விசாரித்தால், "வீட்லகூட இன்னும் சொல்லல அண்ணாச்சி" என்று வெட்கப்பட்டாள்.

கல்லாவில் உட்காரும் என் மனைவி சகாயத்தின் பெயர் மூன்றிலும் கிறிஸ்துமஸோடு நின்றுவிட்டது. விடுப்பு என்றுகூடப் போடவில்லை. ஜனவரிக்குப் புது ஆள் எடுக்கும்படி குறிப்பு மட்டும் இருந்தது.

"எதத்தான் வாங்கப் போறிய?" என்று கேட்டாள் சகாயம்.

"மூணுமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு, பழைய கரும்பலகையில் ஜனவரியின் எல்லா நாளுக்கும் அவள் பெயரையே எழுதினேன்.

"நல்லாருக்கே! ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட எனக்கு லீவு கெடையாதா?" என்று சிரித்தாள்.