ஒரு துளி எச்சில்

பூசை முடிந்து டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே நகரிலுள்ள வீட்டுக்கு வந்த விமலராணி கோட்டைக் கழற்றுவதற்குள், அமெரிக்காவிலிருந்து தம்பி அமலதாஸ் அழைத்துவிட்டான்.

“அக்கா, எச்சில் அனுப்பினால் சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சுத் தாற கொம்பனியள் இருக்கெல்லே, ஒண்டுக்கும் குடுத்திடாதேங்கோ.”

“ஏனடா?”

“இஞ்ச பொலிஸ் அதுக்குள்ள தேடுது. ஒராள் குடுத்தாக் காணும், கூடப்பிறந்ததுகள் எல்லாம் பிடிபடும். சட்டம் போட்டுத் தடுக்கவேணும் எண்டு ஒரு பகுதி, பழைய கொலையள் துலங்குது, விடுங்கோ எண்டு மற்றப் பகுதி. பெரிய வாதம் நடக்குது.”

விமலராணிக்குச் சிரிப்பு வந்தது. “நான் போன மாசமே அனுப்பிப்போட்டன். எல்லாம் பெரியண்ணைக்காகத்தான். யுத்தத்தில காணாமப் போன மனுசன் எங்கையாவது உயிரோட இருக்கலாமெல்லே?”

தம்பியின் குரல் இறங்கியது. “பொலிஸ் பாக்கலாமோ எண்டு ஒரு கேள்வி இருந்திருக்குமே, அக்கா?”

“இருந்தது. ஓம் எண்டு போட்டனான். காணாமப் போன ஆளைப் பொலிஸ்தானே தேடவேணும்?”

அவளால் சந்தோசத்தை அடக்க முடியவில்லை.

“பூசையில நன்றி சொல்லிப்போட்டுத்தான் வாறன். நேற்று அமெரிக்கப் பொலிஸ் எனக்கு எழுதியிருக்கு. என்ர சகோதரன் ஒருத்தற்ற ரத்தம் உங்க அமெரிக்காவில ஒரு வீட்டில கிடந்ததாம். அண்ணை உங்கதான் இருக்கிறாரடா.”

“நீங்கள் என்ன பதில் எழுதினியள்?”

“அவரை அடையாளம் காட்ட உங்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டாங்கள். உன்ர விலாசத்தைக் குடுத்தனான்.”