ஏழு வீடு மாற்றியவள்

வெள்ளச்சிப் பூனை தன் மூன்று குட்டிகளோடு மலையடிவாரத்தில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு நாய் கறுப்பன் ஓடி வந்தான்.

"என்னக்கா, போர்வை, பால், விளக்கு எல்லாம் எழுதி வச்சாச்சா? போன வருஷம் ஆரம்பிச்ச என் லிஸ்டே இன்னும் முடியலை."

வெள்ளச்சி மீசையை நீவிக்கொண்டாள். "கண்ணு திறக்குறதுக்குள்ள இதுகளை ஏழு வீடு மாத்தினவடா நான். எனக்கு எதுக்கு லிஸ்ட்டு?"

கறுப்பன் கடைக்குட்டியிடம் குனிந்தான். "வீட்டு ஞாபகம் வந்து அழமாட்டியே பாப்பா? உன் வீடு எது, சொல்லு?"

ஏழில் எது என்று அது யோசிக்கவே இல்லை. திரும்பி நின்று, பிடரியை அம்மாவிடம் காட்டியது.

வெள்ளச்சி கவ்விக்கொண்டாள். பெருமையடிக்க இன்னும் எவ்வளவோ இருந்தது. என்ன செய்ய, வாய் நிறையப் பிள்ளை.