இரண்டே இருக்கை

காவலூருக்குப் போகும் முதல் பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது; அதுவரை மலைப்பாதை காலி. மலையடிவாரத்தில் ஃபுர்கானும் தங்கை காஷிஃபாவும் தங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் புதிய ஃப்யூல் கன்ட்ரோலரைப் பொருத்தி முடித்திருந்தார்கள். இனி ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பெட்ரோல் அளவைத் திருத்த வேண்டும்.

"ஞாயித்துக்கெழம ரேஸ்லயும் நான்தான் ஓட்டுவேன்" என்றான் ஃபுர்கான். "நீ லேப்டாப்ப பாரு. இந்த வளைவெல்லாம் உனக்கு ஆவாது, பயந்துடுவ."

"யாரு, நானா?" காஷிஃபா முந்திக்கொண்டு ஏறினாள்.

முதல் வளைவில் எஞ்சின் திக்கியது.

"பெட்ரோல் பத்தல" என்றாள்.

அளவைக் கூட்டியதும் கார் சீறிக்கொண்டு ஏறியது. அடுத்த வளைவில் டயர்கள் கிறீச்சிட்டன.

"மெதுவா, மெதுவா."

"இன்னா, பயமா?"

"பயமெல்லாம் இல்ல. முன்னாடி பாரு."

அதன் பிறகு மேலே போய்ச் சேரும்வரை வேகம் குறையவில்லை.

கார் நின்றது. காஷிஃபா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் ஃபுர்கான் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி கண்களை இறுக மூடியிருந்தான்.

"கண்ணத் தொறண்ணே. ஞாயித்துக்கெழம யாரு ஓட்டுறது?"