தள்ளி வைத்த படம்

நியூயார்க் கண்காட்சியில் தன் மர அச்சுப் படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்த யூத ஓவியர் ஸெலிக், ஐரோப்பாவில், சொந்த ஊரான வில்னாவில் செதுக்கிய பழைய படத்தை மட்டும் தள்ளி வைத்தார்.

"ஐயா, இதுதானே உசத்தி! இங்க வந்த புதுசுல நீங்க செதுக்கினதெல்லாம் குழந்தை கிறுக்கின மாதிரில்ல இருக்கு?" என்று சிரித்தாள், வாங்க வந்த மிரியம்.

முப்பது வருடம் அடக்கிவைத்ததை அன்று அவர் சொல்லிவிட்டார்.

"அந்தப் பழைய படம் ஸெலிக் செதுக்கினதும்மா."

"நீங்கதானே ஸெலிக்?"

"நான் அவரோட தம்பி ஹெர்ஷல். ரொட்டி சுடுறவன். அமெரிக்கா வர, ஓவியர்னு அண்ணன் பேருல ஒரே ஒரு விசா வந்துச்சு. 'சின்னவன் நீ, பொழைச்சுப் போடா'ன்னு அண்ணன் என் பையில திணிச்சுட்டார். மாட்டிக்காம இருக்கத்தான் செதுக்கவே கத்துக்கிட்டேன்."

"அண்ணன்?"

"நாஜிங்க சுட்டுட்டாங்க. செத்தவங்க பட்டியல்ல என் பேருதான் இருக்கு."