சீமாட்டியின் முன்னங்கால்

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம் டாக்டரம்மா" என்றார் காப்பாளர். இதோடு மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்.

விமான நிலையத்தை ஒட்டிய தனிமைக் கொட்டடி அது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிராணிகளை, நோய் இல்லை என்று தெரிகிறவரை அடைத்து வைக்கிற இடம். மேஜைமேல் பரிசோதனைக்கூடத்தின் தாள் கிடந்தது. 'பெண் நாய்: கிருமி உண்டு' என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"சட்டத்துல இடமில்லண்ணே. ஒரே தடவைதான். அதுவும் நீங்களே எடுத்து, நீங்களே குழாய்ல பேர் எழுதி ஒட்டின ரத்தம். பதினஞ்சு வருஷமா உங்க கையில ஒரு தப்பு வந்திருக்கா? நான் பார்க்காமலே கையெழுத்துப் போடுறேனே."

காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

எதிர் நாற்காலியில் வயதான பண்ணைக்காரர் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். இந்த நாட்டு மண்ணில் அந்த ஜாதி நாய் அதுவரை கால் வைத்ததில்லை. ஓநாயைக் கண்டால் பின்வாங்காமல் நிற்கிற மலை நாய். போன குளிர்காலத்தில் மட்டும் அவர் பட்டியில் நாற்பது ஆடுகளை ஓநாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. ஆறு வருஷம் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு ஜோடியை வரவழைத்தார் மனிதர். பெண் நாயின் நடையைப் பார்த்துவிட்டு 'சீமாட்டி' என்று பேர் வைத்தது காப்பாளர்தான்.

"வந்த அன்னிக்குக் காய்ச்சல் இருந்தது, நான் இல்லேங்கல" என்றார் பண்ணைக்காரர். " ரெண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கல. இப்போ பாருங்கம்மா, தட்டையே தின்னுடுவா போலிருக்கு. நோயாளி மாதிரியா இருக்கா?"

"பிரயாணக் காய்ச்சல் வேற, இது வேறங்க ஐயா. இந்தக் கிருமி நாயை ஒண்ணும் பண்ணாது. கூட இருக்கிற மனுஷனைத்தான் பிடிக்கும். ரெண்டும் ஒரே கூண்டுல வந்ததுங்க. சாயங்காலத்துக்குள்ள ரெண்டையும் முடிச்சாகணும்."

காப்பாளர் நிமிர்ந்தார். "மனுஷனுக்கு வந்தா மருந்து இருக்குல்ல?"

"பயப்படாதீங்க, உங்களுக்கு நாளைக்கே டெஸ்ட் எடுத்துடலாம். பெரியவங்க தேறிடுவாங்க. சின்னக் குழந்தைங்கதான் பாவம். மூட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். நல்லவேளை, இந்தச் சனியன் வெளியில போறதுக்குள்ள பிடிச்சுட்டோம்."

காப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், வீட்டிலிருந்து. பேசாமல் உள்ளே வைத்தார்.

கூண்டைத் திறந்ததும் சீமாட்டி வாலை ஆட்டிக்கொண்டு காப்பாளரிடம்தான் ஓடி வந்தது. சாப்பிட மறுத்த நாட்களில் கஞ்சியைத் தொட்டுத் தொட்டு அதன் நாக்கில் தடவியவர் அவர். பண்ணைக்காரர் சிமெண்ட் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா ஊசி போடும் இடத்தை வழிக்கச் சவரக்கத்தியோடு குனிந்து, முன்னங்கால் முடியை விலக்கிப் பார்த்தாள்.

"பத்து நாள் முன்னாடி ரத்தம் எடுக்க முடியை வழிச்சிருப்பீங்களே, அந்த இடம் எங்கண்ணே? ஒரு தடயத்தைக் காணோம்?"

"முடி அதுக்குள்ள வளர்ந்திருக்கும்மா. பனியில பிறந்த ஜாதியாச்சே!" என்றார் பண்ணைக்காரர். அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை.

டாக்டரம்மா தலையாட்டினாள். இந்த ஜாதியைப் பற்றி அவர் சொல்வதுதான் இந்த நாட்டில் வேதம். மறுத்துப் பேச இன்னொரு ஆள் கிடையாது.

காப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. வலிக்காம போடுங்க."

சட்டத்தின் பாஷையில் அதற்குக் கருணை ஊசி என்று பேர். சீமாட்டி காப்பாளரின் விரலை ஒருமுறை நக்கியது. அப்புறம் தலை கனத்து மடியில் சரிந்தது. பக்கத்துக் கூண்டிலிருந்து ஆண் நாய் குரைத்துப் பார்த்தது. அதற்கும் இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

பண்ணைக்காரர் எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து காப்பாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெத்த புள்ளையப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டே தம்பி. மறக்க மாட்டேன்."

காப்பாளர் கைகளை உருவிக்கொண்டு கொட்டடிக்குப் பின்னால் ஓடினார். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"எத்தனை தடவைங்க கூப்பிடுறது?" என்றாள் மனைவி. "பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல். கால் முட்டி வலிக்குதுன்னு ஒரே அழுகை. இப்பத்தான் கண் அசந்திருக்கா."

"நம்ம நாய் எங்கே?"

"எங்கே இருக்கும்? பாப்பா விட்டாத்தானே? கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. ஏங்க?"

காப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை அவகிட்டேயிருந்து பிரிச்சுத் தனியாக் கட்டு... சீமாட்டிக்கு வந்தப்பவே காய்ச்சல், ரத்தத்துல ஏதாவது காட்டினா கொன்னுடுவாங்களேன்னு, நம்ம நாய் ரத்தத்தைத்தான் அவ பேரை எழுதி அனுப்பினேன்."