அடுத்தது முதுகு

திருப்பதியில் நர்சிங் படித்த கேசியா, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தூர் வீட்டில் அப்பா எர்னஸ்ட்டைப் பாயில் படுக்கவைத்து, அவர் உடம்பிலேயே எலும்புகளின் பெயர்களை நீலப் பேனாவால் எழுதிப் படிப்பாள். உச்சரிப்பு பிசகக் கூடாதென்று தமிழ் எழுத்தில்தான் எழுதுவாள். விரலில் தொடங்கிக் கழுத்தெலும்பு வரை வந்திருந்தாள்.

"கிளாவிக்கிள் ஆயிட்ச்சி. அடுத்த வாரம் முதுகு, நைனா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அந்த பஸ் திருப்பதி போய்ச் சேரவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுநாள் காலை, எர்னஸ்ட் குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றினார். பின்னால் நின்ற மனைவி ஜெயசீலி கேட்டாள்:

"முதுகுல இன்னாங்க எழுத்து?"

"இன்னா போட்டுக்கீது?"

தோள்பட்டை எலும்பின் மேல் மகளின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. ஜெயசீலி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஸ்கேப்புலா."

எர்னஸ்ட் அன்று குளிக்காமலே வேலைக்குப் போனார்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார். ஜெயசீலி வேர்வையில் மை பிடிக்காதென்று அவர் முதுகைத் துண்டால் துடைத்தாள். நீலப் பேனாவை மூடி கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.