ஆரத்தி எடுக்க ஆளில்லை

எஹலியகொடைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கிடையே காலை வெயில் சில்லுச்சில்லாக விழுகிறது. கட்சியின் ஜீப் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நிற்கிறது. மாலையணிந்த வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்க ஒருத்தியும் இல்லை. தேர்தல்தோறும் எடுப்பவள் பாக்கியம்; இன்று அவள் மேட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். தொழிற்சங்கத் தலைவர் மூச்சிரைக்க ஏறி வருகிறார். "ஆலாத்தி எடுக்க வா புள்ள. ஐயா காத்துக்கிட்டு நிக்கிறாரு." "கூரத் தகரத்துக்கு நாங்க மூணு எலக்சனாக் காத்துக்கிட்டு இருக்கோங்க." "அப்ப இந்தத் தடவையும் ஒனக்குத் தகரம் இல்ல." "தகரமில்லாம நாங்க பழகிட்டோம் தலைவரே. ஓட்டில்லாம இனி நீங்க பழகுங்க." அடுத்த மரங்களில் பெண்கள் சிரிக்கிறார்கள்; எவளும் கத்தியைத் தாழ்த்தவில்லை. பாக்கியம் கீறிய பட்டையிலிருந்து பால் சிரட்டைக்குள் இறங்குகிறது. கீழே ஹாரன் ஒலிக்கிறது. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, ஆரத்தித் தட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கிறார்.